கையில் என்ன இருக்கிறது?

வேலூருக்கு நீங்கள் போயிருக்கலாம். போகாவிட்டாலும் அந்த ஊரைப் பற்றிய பழைய பரிகாசப் பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை' என்று விரல்விட்டு எண்ணுவார்கள். அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டொரு உருப்படிகள் உண்டு. அவற்றில் ஒன்று அந்த ஊர்ப் பெண்களைப் பற்றியது. அதை இங்கே எழுதிவிட்டு நான் மறுபடியும் நிம்மதியாகக் காட்பாடி ஸ்டேஷனில் இறங்க முடியாது. ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

இப்படி 'இல்லை, இல்லை' என்று அளந்து வைத்த ஊருக்குத்தான் நாள்தோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். வங்காளத்திலிருந்து வருகிறார்கள், ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள், வங்க தேசத்திலிருந்துகூட வருகிறார்கள். ஆஸ்பத்திரித் தெருவில் நின்று பாருங்கள். தமிழ்நாட்டின் நடுவில் வங்காளி எழுத்தில் ஓட்டல் பலகைகள் தொங்கும். மீன் குழம்பு மணக்கும். இல்லாததைத் தேடி யாரும் இவ்வளவு தூரம் ரயில் ஏறுவதில்லை. வேலூரில் ஏதோ இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் பிரயாணத்தில் என்னோடு வந்தவள் என் நாத்தனார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து போய்விட்டார்கள். வீட்டில் அவளும் சுவர்க் கடிகாரமும்தான். "அண்ணி, இனிமேல் என்னால் யாருக்கு என்ன ஆகப் போகிறது? எதற்காகத்தான் பகவான் நம்மைப் படைத்தாரோ!" என்பது இப்போதெல்லாம் அவளுடைய பல்லவி. இந்தப் பல்லவியை உங்கள் வீட்டிலும் யாராவது பாடியிருக்கலாம். ஒருவேளை நீங்களே பாடியிருக்கலாம்.

முதலில் கோட்டை. விஜயநகர காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில் எழுந்தது. சுற்றிலும் அகழி; பெரிய பெரிய கருங்கற்களை அடுக்கிய மதில். திப்பு சுல்தானின் குடும்பத்தாரை வெள்ளைக்காரர்கள் இங்கேதான் காவலில் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கன் இங்கே கைதியாக இருந்து 1832-ல் கண்ணை மூடினான். 1806 ஜூலை 10-ந் தேதி விடியற்காலையில் இந்திய சிப்பாய்கள் எழுந்து நின்றதும் இந்த மதிலுக்குள்தான். 1857-க்கு அரை நூற்றாண்டு முந்திய எழுச்சி அது. ராஜா இல்லாத கோட்டை என்று சொல்கிறோமே தவிர, ராஜாக்களைச் சிறை வைத்த கோட்டை என்பதே பொருத்தம்.

கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில். கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் யாளிகளையும் குதிரைகளையும் பார்த்தால் கல்லா மெழுகா என்ற சந்தேகம் வரும். இந்தக் கோயிலை வெகு காலம் ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மூலஸ்தானம் காலியாகவே கிடந்தது. பிறகு 1981-ல், சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை ஊரார் கொண்டுவந்து மறுபடியும் பிரதிஷ்டை செய்தார்கள். அன்றோடு 'சாமி இல்லாத கோயில்' என்ற பேச்சு காலாவதியாயிற்று. நாங்கள் போன அன்று உச்சிக்கால தீபாராதனை. கற்பூரம் ஏற்றியதும் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன வேண்டிக்கொண்டாளோ, நான் கேட்கவில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. சாலையின் பெயரே ஐடா ஸ்கடர் சாலை. யார் இந்த ஐடா ஸ்கடர்?

இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி பிறந்த பெண். அமெரிக்கப் பாதிரிக் குடும்பம். தாத்தா 1819-லேயே இலங்கைக்கு வந்து, பின்பு சென்னைப் பக்கம் வந்து வைத்தியமும் மத ஊழியமும் செய்தவர். தகப்பனாரும் டாக்டர். ஆனால் பெண்ணுக்கு இந்தப் பரம்பரைத் தொழில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சின்ன வயதில் தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவள் அவள். இந்த வெயிலும் வேண்டாம், இந்த வறுமையும் வேண்டாம் என்று அமெரிக்காவில் படித்து, அங்கேயே சௌக்கியமாக வாழ நினைத்தாள். 1890-ல் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தாளே, அதுகூடக் கொஞ்ச காலம் ஒத்தாசையாக இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடுதான்.

ஒரு நாள் இரவு, அந்தத் திண்டிவனம் வீட்டு வாசலில் ஒரு பிராமண இளைஞன் வந்து நின்றான். அவனுடைய சிறு வயது மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் வர வேண்டும், அம்மா" என்றான். "நான் வைத்தியம் படித்தவள் அல்ல, என் தகப்பனார் டாக்டர், அவர் வருவார்" என்றாள் ஐடா. அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று அவன் திரும்பிப் போய்விட்டான். பின்னர் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். பின்னர் இன்னொரு ஹிந்துக் குடும்பஸ்தர். அவரும் அப்படியே திரும்பினார். காலையில் விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

மூவருக்கும் சாதி வேறு, மதம் வேறு. இறந்த காரணம் ஒன்றுதான். கூப்பிடு தூரத்தில் டாக்டர் இருந்தார். பெண் டாக்டர் இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் எத்தனையோ பேர் பிரசவ அறையில் பெண் டாக்டரின் குரல் கேட்டுத் தைரியம் கொண்டவர்கள். உங்கள் பாட்டிக்கு அம்மா காலத்தில் அந்தக் குரல் எவ்வளவு அபூர்வம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த ஓர் இரவு போதுமானதாயிற்று. 'தெய்வம் என்னைக் கூப்பிட்டுவிட்டது' என்று ஐடா எடுத்துக்கொண்டாள். அமெரிக்கா திரும்பி வைத்தியம் படித்தாள். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம். 1900-ல் வேலூர் வந்தபோது, நியூயார்க் தனவந்தர் ஒருவர் காலமான தம் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலர் கையில் இருந்தது. வந்த வருஷமே தகப்பனார் காலமானார். அருகில் நின்று கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. இருந்தாலும் பங்களாவில் ஒரு சிறு அறை, அதில் ஒரே ஒரு படுக்கை என்று ஆரம்பித்துவிட்டாள். ஒத்தாசைக்கு நர்ஸ் கிடையாது. வீட்டு வேலைக்காரரின் மனைவி சலோமி என்ற அம்மாள்தான் மருந்து எடுத்துக் கொடுக்கவும், கட்டுப் போடவும் பழகிக்கொண்டு கூட நின்றாள்.

1902-ல் நாற்பது படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. ஆரணி ரோடில் இன்றைக்கு அது கண் ஆஸ்பத்திரியாக இருக்கிறது. 1909-ல் நர்ஸ் பள்ளி. முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டாரிலும் கிராமம் கிராமமாகப் போய் மரத்தடியில் வைத்தியம். 1918-ல் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளி. பெண் பிள்ளைகள் இந்தப் படிப்பில் தேறுவார்களா என்று உத்தியோகஸ்தர்கள் தலையைச் சொறிந்தார்கள். முதல் வருஷப் பரீட்சை எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள்! பள்ளி கல்லூரியாயிற்று. 1947-ல் ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆம், இந்தக் கல்லூரியில் இடம் கேட்டுப் பின்னால் வந்தவர்கள் ஆண்கள்தான்.

ஐடா அம்மையார் கொடைக்கானலில் 1960 மே மாதம், 89-ஆம் வயதில் காலமானார். ஒற்றைப் படுக்கை என்ன ஆயிற்று என்பதை நீங்கள் அந்தச் சாலையிலேயே பார்க்கலாம். ஆஸ்பத்திரியின் நடுவில் சிறிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. புடைவைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டவர்களும், நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்களும் அதன் பக்கமாகப் போய் வருகிறார்கள். பிறரிடம் பணிவிடை பெறுவதற்கு அல்ல, பணிவிடை செய்வதற்கே என்ற பொருளுள்ள வாசகம்தான் இந்த நிலையத்தின் இலட்சியம்.

"அண்ணி, அந்த அம்மாளுக்குக் கதவைத் தட்டிச் சொன்னார்கள். எல்லாருக்கும் அப்படியா தட்டுகிறது?" என்றாள் என் நாத்தனார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் போல இன்னொருவரின் கதை இருக்கிறது.

பால் பிராண்ட் என்ற டாக்டர், நம்முடைய கொல்லி மலையில் 1914-ல் பிறந்தவர். வெள்ளைக்காரப் பாதிரியாரின் பிள்ளை. வாலிபத்தில் அவர் கற்றது வைத்தியமே அல்ல. கொத்து வேலை, தச்சு வேலை! மலை ஜனங்களுக்கு வீடு கட்டிக்கொடுத்துத் தெய்வப்பணி செய்ய வேண்டும் என்று சில வருஷங்களை அதிலேயே செலவிட்டார். பிறகு பாதை திரும்பி வைத்தியத்துக்கு வந்தார். கரண்டி பிடித்துச் சுவர் எழுப்பிய காலம் எல்லாம் வீண்தானே என்று யாருக்கும் தோன்றும்.

1946-ல் வேலூருக்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை யாரும் சரிசெய்ய முனைந்ததில்லை. நோயே சதையைத் தின்றுவிடுகிறது என்பது பொது நம்பிக்கை. பிராண்ட் பொறுமையாகக் கவனித்தார். நோய் விரலைத் தின்பதில்லை. வலி உணர்ச்சியைத் தின்கிறது என்று கண்டார். சுடுகிற பாத்திரத்தைத் தொட்டால் நாம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறோம். அவர்களுக்குச் சுடுவதே தெரிவதில்லை. இரவில் எலி கடித்தாலும் தெரிவதில்லை. காயத்தின் மேல் காயம் பட்டு விரல் போய்விடுகிறது. 'ஐயோ வலிக்கிறதே' என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அந்த வலியும் கடவுள் கொடுத்த காவல்காரன் என்று அவர் ஆயுள் முழுவதும் சொல்லிவந்தார்.

மடங்கிய கைகளில், நன்றாக இருக்கும் தசைநாரை எடுத்து வேறு இடத்தில் இணைத்து விரலை நிமிர்த்தினார். கை நிமிர்ந்தது. ஆனால் நிமிர்ந்த கைக்கு வேலை கொடுப்பார் இல்லை! பழைய தச்சர் அப்போதுதான் வெளியே வந்தார். நோயாளிகளுக்கென்று குடிசைகள் கட்டி, உளியும் வாளும் கொடுத்து, மர பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். வீணான வருஷங்கள் என்று தோன்றியவை, இருபது வருஷம் கழித்து வட்டியோடு திரும்பி வந்தன.

இனி மூன்றாமவர். இவரைப் பற்றி நம் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேரி வர்கீஸ், கொச்சியில் 1925-ல் பிறந்தவர். வேலூரில் படித்து டாக்டரானவர். 1954 ஜனவரியில், சக டாக்டர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகத்தில் ஆறாத தழும்பு. முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. வயது முப்பதுகூட ஆகவில்லை. டாக்டராகையால், யாரும் சொல்லாமலே தம் நிலை அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் படுக்கையில் அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அப்போது டாக்டர் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். கையில் செய்யும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். கால் எதற்கு? சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். 'நமக்கு இனி வாழ்வு ஏது' என்று வந்தவர்கள், நாற்காலியில் உட்கார்ந்து தங்களுக்குச் சிகிச்சை செய்யும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். அந்தக் காட்சியே பாதி மருந்து.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய்த் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளப் பயின்றார். நியூயார்க் போய், கை கால் செயலிழந்தவர்களுக்கு மறுவாழ்வு அளிக்கும் வைத்தியத்தில் தேர்ச்சி பெற்றார். 1963-ல் வேலூரில் அந்தப் பிரிவின் தலைமையை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமாகும்வரை அந்த நாற்காலிதான் அவருடைய சிம்மாசனம்.

ஐடா, பிராண்ட், மேரி மூவரின் வரலாற்றையும் எழுதியவர் ஒரே அமெரிக்க அம்மையார், டோரதி கிளார்க் வில்சன். மேரியின் வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பின் பொருள், 'என் கைகளை எடுத்துக்கொள்' என்பது. போன கால்களுக்காக அழுவது மனித சுபாவம். இருக்கிற கைகளை நைவேத்தியம் போல எடுத்து நீட்டுவதற்குத்தான் பக்தி வேண்டியிருக்கிறது.

பாகாயத்து நிலையத்துக்கு வெளியே, நிழலில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு கிழவி வெற்றிலைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். குடியாத்தம் பக்கத்துக் கிராமம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"யாருக்கு உடம்பு, பெரியம்மா?" என்று கேட்டேன்.

"எம் புள்ளைக்குத்தான் கண்ணு. புளி உலுக்க ஏறினான். கெள உடைஞ்சு உளுந்துட்டான். இடுப்புக்குக் கீய ஒண்ணும் தெரியலை. நாற்காலியில உக்காந்து தைக்கக் கத்துக் குடுக்கறாங்க."

"உங்களுக்கு ரொம்பச் சிரமம்தான்."

"செரமந்தான். எனக்கு எயுதப் படிக்கத் தெரியாது. ரெண்டு மணிக்கு ஒரு தபா பொரட்டிப் படுக்க வெக்கணும், இல்லாட்டிப் புண்ணு வந்துடும்னு சொல்லிக் குடுத்தாங்க. ராவுல மூணு வாட்டி எயுந்திருப்பேன். ஒரு புண்ணு வரலை இன்னி வரைக்கும். எம் புருசன் போனப்பவே என்னையும் ஏண்டி கூட்டிக்கினு போவலைன்னு பொன்னியம்மாவ ஏசினேன். இதுக்குத்தான் வெச்சிருந்தா போல."

சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். நாங்கள் இருவரும் பேசவில்லை.

கிறிஸ்தவ வேதத்தில் இயேசு சொன்ன உவமை ஒன்று உண்டு. ஓர் எஜமான் வெளியூர் போகும்போது, மூன்று வேலைக்காரர்களிடம் பணம் கொடுத்துப் போனான். ஒருவனுக்கு ஐந்து தாலந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று. முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டித்தார்கள். மூன்றாமவன் பயந்துபோய்க் குழி தோண்டிப் புதைத்து வைத்தான். எஜமான் திரும்பி வந்து, 'உனக்கு ஏன் ஐந்து இல்லை?' என்று அவனைக் கேட்கவில்லை. 'கொடுத்த ஒன்றை ஏன் புதைத்தாய்?' என்பதுதான் கணக்கு.

வேலூரில் நான் கண்ட மூன்று பெரியவர்களும் ஐந்து தாலந்துக்காரர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சலோமி அம்மாளுக்கும் அந்தக் குடியாத்தத்துப் பெரியம்மாவுக்கும் எத்தனை? ஒன்றுதான் என்பீர்கள். ஆனால் ஒருத்தி நின்றதால் ஓர் ஆஸ்பத்திரி நின்றது; ஒருத்தி இரவில் மூன்று முறை எழுந்திருப்பதால் ஒரு பிள்ளை புண் இல்லாமல் இருக்கிறான். அந்தப் பிள்ளையைக் கேட்டால் அது ஒன்றா, ஐந்தா என்று சொல்வான்.

நம்மில் பலர், 'நான் எதற்குப் பிறந்தேன்?' என்று வானத்தைப் பார்த்துக் கேட்கிறோம். வானம் சும்மா இருக்கிறது. இந்த ஊரில் எனக்குத் தோன்றியது இதுதான்: கேள்வியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். யார் வாசலில் நிற்கிறார்கள்? என் கையில் என்ன இருக்கிறது? இந்த இரண்டுக்கும் விடை கண்டால் முதல் கேள்வியின் விடை தானே வந்து சேரும். விடை இன்றைக்கே முழுவதும் தெரிய வேண்டும் என்பதில்லை. பிராண்டுக்கு இருபது வருஷம் ஆயிற்று. தெரியாத இடைக்காலத்தில் நடக்கத்தான் நம்பிக்கை என்ற கைவிளக்கு இருக்கிறது.

திரும்பும் ரயிலில் வாலாஜா ரோடு தாண்டியதும் நாத்தனார் வாயைத் திறந்தாள். "அண்ணி, உங்கள் கீழ்வீட்டுப் பெண் கணக்கில் ஃபெயில் ஆகிவிட்டாளாமே? சாயங்காலம் ஐந்து மணிக்கு என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள். அவளுக்குப் பின்னம் புரிந்திருக்காது. அதுதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்" என்றாள். இப்போது அவள் வீட்டில் ஐந்து மணிக்கு நான்கு பெண்கள் உட்காருகிறார்கள். பல்லவியை நான் கேட்டு வெகு நாளாயிற்று.

நீங்களும் ஒரு தடவை வேலூர் போய்வாருங்கள். சென்னையிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்தால், காட்பாடியில் இறங்கி, வெயில் ஏறுமுன் கோட்டையைப் பார்த்துவிடலாம். ஜலகண்டேசுவரரை உச்சிக்காலத்துக்கு முன் சேவித்துவிடுங்கள். மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்; எண்ணெய்க் குழம்புக்கு அதற்கு ஈடு கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் ஐந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். யாராவது ஒரு வெளியூர்க்காரி கையில் சீட்டை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழிப்பாள். அவளுக்கு உங்கள் பாஷை தெரியாது; உங்களுக்கு அவள் பாஷை தெரியாது. பரவாயில்லை. சீட்டை வாங்கிப் பார்த்து, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், அந்த ஜன்னலில் விட்டுவிட்டு வாருங்கள்.